டிரம் குழுவைப் போட்டிக்குத் தயாரிப்பதும், வாசித்த பிறகு வரும் கருத்துகளைக் கையாள்வதும்: ராமநாதபுரம் கடலோரக் குழுக்களுக்கு முழுமையான வழிகாட்டி

சுதந்திர தின அணிவகுப்புக்கும் தேர்ப் பவனிக்கும் வாசிப்பது ஒரு வேலை. மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருக்கும் நடுவர் முன்னால் வாசிப்பது வேறு வேலை. விழாவில் குழு நடந்துகொண்டே இருக்கும். ஒரு இடத்தில் தப்பினால் அடுத்த தெருவில் சரியாகிவிடும். போட்டியில் எட்டு நிமிடம்தான். அதில் விழுந்த ஒவ்வொரு அடியும் தாளில் ஏறும், ஊரார் வாயிலும் ஏறும்.

இந்த வழிகாட்டி பள்ளி பேண்டு, தேவாலயப் பங்கு பேண்டு, இளைஞர் மன்ற டிரம் குழு ஆகியவற்றுக்கானது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றும் மணலும் வெயிலும் சேர்ந்து கொடுக்கும் சிக்கல்களுக்கு இதில் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த பெரிய பகுதி கருத்துகளைப் பற்றியது. நன்றாக உழைத்த குழுக்கள்கூட அங்கேதான் சிதறிப்போகின்றன. பார்த்தவர்கள் ‘இந்த இடத்தில் ஏதோ சரியில்லை’ என்று சொன்னால் பெரும்பாலும் அந்த இடத்தில் ஏதோ சரியில்லைதான். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் தவறாக இருக்கும். இடத்தை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு காரணத்தைக் குழுவே தேட வேண்டும். கீழே உள்ள பாதி விஷயங்கள் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

விதித்தாளை முதல் நாளே படிக்கவும்

விதிகளை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி எட்டு வாரம் உழைக்க வேண்டாம். கட்டாயம் கேட்க வேண்டியவை இவை: நேரக் கணக்கு களத்தில் கால் வைத்ததும் தொடங்குமா, முதல் அடியில் தொடங்குமா, நேரம் கூடினால் எத்தனை மதிப்பெண் கழியும், ஆள் எண்ணிக்கையில் தலைவரும் கொடி பிடிப்பவரும் சேர்வார்களா, ஸ்பீக்கர், பதிவு செய்த இசை அனுமதி உண்டா, தரை மணலா, சிமெண்டா, புல்லா, நடுவர் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் உட்காருவார்.

மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதையும் கேளுங்கள். இந்தக் கலையின் பெரிய போட்டி அமெரிக்காவில் நடக்கிறது. டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு 1972 முதல் அதை நடத்துகிறது. பித்தளை ஊதுகருவி, தாளக்கருவி, கொடிக்குழு மூன்றும் சேர்ந்த குழுக்கள் அங்கே மோதும். மொத்தம் 100 மதிப்பெண்ணில் ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. நம் ஊர்ப் போட்டியில் பிரிவு வேறாக இருக்கலாம். சீருடைக்கும் நடைக்கும் 40 கொடுக்கும் போட்டியில் கை வேகத்துக்கு மட்டும் மாதக்கணக்கில் உழைத்தால் பலன் வராது.

ஆளும் கருவியும்

முதல்முறை போட்டிக்குப் போகும் குழுவுக்கு 16 பேர் போதும். சைடு டிரம் (அடியில் கம்பி அதிரும் சிறிய டிரம்) 8, நடுத்தர ஒலி தரும் டெனார் 2, பேஸ் டிரம் 2, சிம்பல் 2 ஜோடி, முன்னால் நிற்கும் பேண்டு மேஜர் ஒருவர், எல்லா இடத்தையும் கற்றுவைத்திருக்கும் மாற்று ஆள் ஒருவர். அந்த மாற்று ஆளைத் துணைக்கு வரும் பையனாக நினைக்காதீர்கள். காய்ச்சல், தேர்வு, உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று யாராவது ஒருவர் குறைவது உறுதி. 20 சைடு டிரம் வைத்துக் குழப்புவதைவிட 8 டிரம் ஒரே டிரம் மாதிரி கேட்பது எவ்வளவோ மேல்.

பேஸ் டிரம் இரண்டையும் ஒரே அடியை அடிக்க விடாமல், அளவில் வேறான இரண்டாக எடுத்து அடிகளைப் பங்கிடுங்கள். அமெரிக்கக் குழுக்கள் சின்னதிலிருந்து பெரியது வரை நான்கைந்து பேஸ் டிரம் வைத்து, ஒரு ஓட்டத்தை ஆளுக்கு ஓர் அடியாகப் பிரித்து வாசிக்கும். இரண்டே டிரம் வைத்தும் ‘தக திமி’யில் தக ஒருவர், திமி ஒருவர் என்று பிரித்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். பழக நேரம் எடுக்கும். தன் அடி இல்லாத இடத்தில் கை நிற்க வேண்டுமே, அதுதான் கடினம்.

சைடு டிரம்முக்குச் சுருதி சேர்க்கும் முறை:

1. மேல்தோலின் போல்ட்களை எல்லாம் விரலால் முறுக்க முடிந்த அளவு முறுக்கவும்.
2. டிரம் சாவியால் ஒரு போல்டுக்கு அரைச் சுற்று. அடுத்தது பக்கத்தில் இருப்பது வேண்டாம், நேர் எதிரில் இருப்பது. இப்படியே குறுக்காக மாறிமாறி முழு வட்டமும் முடிக்கவும்.
3. ஒவ்வொரு போல்டுக்கும் நேரே, ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே குச்சியால் மெல்லத் தட்டிக் கேட்கவும். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை கால் சுற்றுக்கு மேல் திருகாமல் சரிசெய்யவும்.
4. கீழ்த்தோலுக்கும் அதே முறை. அது மெல்லியது. குச்சியால் ஓங்கித் தட்டினால் கிழியும்.
5. கடைசியாகத்தான் கீழ்த்தோலை ஒட்டி ஓடும் ஸ்னேர் கம்பி. தளர விட்டுத் தொடங்கி, தட்டினால் ‘சர்ர்’ என்று இழுப்பது நின்று ‘சட்’ என்று வெட்டும் இடம் வரை இறுக்கவும். அதற்கு மேல் இறுக்கினால் டிரம் மூச்சடைத்த மாதிரி கேட்கும்.

ஒரு டிரம் சரியானதும் அதையே அளவுகோலாக வைத்து மற்ற ஏழையும் அதன் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். நிழலில் சேர்த்த சுருதி வெயிலில் மாறும். களத்துக்குப் போகும் முன் வெயிலில் ஐந்து நிமிடம் வைத்து ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். ஆட்டுத்தோல் போட்ட பழைய டிரம் இருந்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தொய்ந்துபோகும். பறையைப் போல நெருப்பில் காட்டி இதை மீட்க முயல வேண்டாம். பிளாஸ்டிக் தோலுக்கு மாறுவதே வழி.

சிம்பலில் பலரும் செய்யும் தவறு, இரண்டு தட்டையும் நேருக்கு நேராக மோதுவது. நடுவில் காற்று அடைபட்டு ‘பொக்’ என்ற சத்தம்தான் வரும். ஒரு தட்டின் விளிம்பு மற்றதைவிட ஓர் அங்குலம் கீழே இருக்கும்படி சாய்த்து, விளிம்பு முதலில் தொட்டு மற்ற பாகம் அதன் பின்னால் விழ வேண்டும். வார்முடிச்சை ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் இழுத்துப் பாருங்கள். களத்தில் அவிழ்ந்த தட்டு காலில் விழுந்தால் காயம் பெரிது.

உப்புக்காற்று தின்னும் முன்

கடற்கரையில் முதலில் போவது போல்ட்டும் ஸ்னேர் கம்பியும்தான். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித்துணியால் விளிம்பு, போல்ட், கம்பி எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். ஈரத்துணி வேண்டாம். மாதம் ஒருமுறை போல்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய பல்துலக்கியால் உப்பையும் மணலையும் தட்டிவிட்டு, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயன்படுத்த வேண்டாம். டிரம்மை மணலில் நேராக வைக்காதீர்கள். ஒரு தார்ப்பாய் விரித்து அதன்மேல் வையுங்கள். ஸ்னேர் கம்பிக்குள் புகுந்த மணல் தோலை அரித்து ஓட்டை போடும்.

உதிரிப் பை ஒன்று தனியாக இருக்கட்டும்: டிரம் சாவி 2, மேல்தோல் 2, கீழ்த்தோல் 1, ஸ்னேர் கம்பி 1, போல்ட் 6, சிம்பல் வார் 1 ஜோடி, ஆளுக்கு ஒரு ஜோடி மாற்றுக் குச்சி, இன்சுலேஷன் டேப், கத்தரி, துணி. வடக்கே மீரட் நகரம் பேண்டு கருவிகள் செய்வதற்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து வரும் உதிரிகள் அளவில் முன்னே பின்னே இருக்கும். வாங்கியதும் மாட்டிப் பார்த்த பிறகே பையில் போடுங்கள்.

குச்சி வாங்கும்போது மேசையில் உருட்டிப் பாருங்கள். வளைந்தது துள்ளும். பிறகு ஒரு ஜோடியின் இரண்டு குச்சியாலும் ஒரே இடத்தில் தட்டினால் ஒரே சுருதி வர வேண்டும். எடை வேறான ஜோடியில் எவ்வளவு பழகினாலும் இரண்டு கைச் சத்தமும் ஒன்றாகாது.

கை: எட்டு வாரம்

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் எட்டு வாரம் போதும். முதல் இரண்டு வாரம் உட்கார்ந்து கை மட்டும். அடுத்த இரண்டு வாரம் நின்று முழு இசை. ஐந்தும் ஆறும் நடையோடு. ஏழாவது வாரம் ஆட்களைக் கூப்பிட்டு வைத்து வாசிப்பது. எட்டாவது வாரம் பழுது பார்ப்பு மட்டும், புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது.

தாளக்கருவிக் கலைஞர்களின் அமைப்பான பர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984-இல் 40 அடிப்படை அடிமுறைகளைப் பட்டியலிட்டது. அதில் ஆறு சுத்தமாக வந்தால் ஒரு போட்டி நிகழ்ச்சியைக் கட்டிவிடலாம்: ஒற்றை உருட்டு, இரட்டை உருட்டு, ஐந்தடி உருட்டு, பாராடிடில், ஃப்ளாம், டிராக். ஒற்றை உருட்டில் கைக்கு ஓர் அடியாக மாறும், இரட்டை உருட்டில் கைக்கு இரண்டடி. பாராடிடில் என்பது வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம். ஃப்ளாம் என்பது பெரிய அடிக்குச் சற்று முன் ஒட்டிவரும் ஒரு சின்ன அடி, டிராக்கில் அது இரண்டு. எந்தத் துண்டையும் குச்சி எடுக்கும் முன் வாயால் சொல்லிக் கையால் தட்டிப் பழக்குங்கள். நான்குக்குத் தகதிமி, மூன்றுக்குத் தகிட, ஐந்துக்குத் தகதகிட. தவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது காதில் ஏற்கனவே இருக்கிறது. வாயில் தடுமாறுகிற இடம் கையிலும் தடுமாறும். எட்டுப் பேரில் யார் தடுமாறுகிறார் என்பது சொல்லும்போதே தெரிந்துவிடும்.

வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்துத் தொடங்குங்கள். அடுத்தடுத்து ஐந்து முறை பிசகில்லாமல் வந்தால் மட்டும் 4 கூட்டுங்கள். இலக்கு வேகம் 120 என்றால் பயிற்சியில் 128 வரை போய்விட்டுத் திரும்புவது நல்லது. களத்தில் படபடப்பில் வேகம் ஏறினாலும் கை தாங்கும். இரட்டை உருட்டில் இரண்டாவது அடி மெலிவதுதான் இளம் குழுக்களின் பொது நோய். முதல் அடியை மெல்லவும் இரண்டாவதை அழுத்தியும் பத்து நிமிடம் மெதுவாக அடிக்க வைத்தால் இரண்டு வாரத்தில் சமமாகும்.

ஏற்ற இறக்கத்துக்குக் குச்சி உயரமே அளவு. மெல்லிய இடத்துக்கு 3 அங்குலம், நடுத்தரத்துக்கு 6, பலத்துக்கு 9, உச்சத்துக்கு 12. ‘மெதுவா அடி’ என்று சொன்னால் எட்டுப் பேரும் எட்டு விதமாகப் புரிந்துகொள்வார்கள். ‘மூணு அங்குலம்’ என்றால் எல்லாக் குச்சியும் ஒரே உயரத்தில் நிற்கும், பார்க்கவும் அழகு.

பிடியைப் பற்றிச் சுருக்கமாக. தோள்பட்டையில் தொங்கும் டிரம் ஒரு பக்கம் சரிந்து நிற்பதால்தான் இடது உள்ளங்கை மேலே பார்க்கும் பழைய பிடி வந்தது. இடுப்போடு மாட்டும் கேரியரில் டிரம் சமமாக நிற்கும். அங்கே இரண்டு கைக்கும் ஒரே பிடி வைத்தால் கற்பது எளிது. ஒரே வரிசையில் இரண்டு பிடியையும் கலக்க வேண்டாம்.

காதைக் காப்பாற்றுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்றும் பணியிடப் பாதுகாப்புக் கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சைடு டிரம் வரிசை அதை எளிதாகத் தாண்டும். நுரை அடைப்பான் விலை குறைவு, அனைவருக்கும் வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் டிரம்மே வேண்டாம். பழைய லாரி டியூபை வெட்டிப் பலகையில் ஒட்டினால் பயிற்சிப் பலகை தயார்.

கால், மணல், காற்று

நடையில் இரண்டு அளவு பழக்கத்தில் உண்டு. அணிவகுப்பு நடை 30 அங்குலம், அதாவது சுமார் 75 செ.மீ. களத்தில் உருவம் (நிற்கும் அமைப்பு) மாற்றி நிற்கும் குழுக்கள் ஐந்து கஜத்தை எட்டுக் காலடியில் கடக்கும். ஒரு காலடி 57 செ.மீ. வாசித்துக்கொண்டே திரும்பவும் குறுக்கே போகவும் சின்ன அடி வசதி. எதை எடுத்தாலும் ஒரு நைலான் கயிற்றில் அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டுத் தரையில் விரித்து அதன்மேல் நடக்க வையுங்கள்.

காய்ந்த மணலில் கால் புதையும். அடி குறுகும், தரையைத் தொடும் நேரமும் தள்ளிப்போகும். சிமெண்டில் பழகி மணலில் போட்டி என்றால் ஏழாவது வாரம் முழுவதும் மணலில்தான் பயிற்சி. முட்டியைச் சற்று உயர்த்தி, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்தால் தடுமாற்றம் குறையும்.

அடுத்தது பெரும்பாலான குழுக்கள் கவனிக்காத விஷயம். ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 120 வேகத்தில் தகதிமியின் ஓர் எழுத்துக்கு 0.125 நொடி. குழு 35 மீட்டர் அகலத்துக்கு விரிந்து நின்றால் ஒரு கோடியில் அடித்தது மறு கோடிக்கு 0.1 நொடி தாமதமாக வரும், கிட்டத்தட்ட ஒரு முழு எழுத்து. 14 மீட்டரிலேயே மூன்றில் ஒரு பங்கு எழுத்து தள்ளிப்போகும். எல்லாரும் கேட்டுக் கேட்டு அடித்தால் நடுவர் காதில் கலங்கல்தான் விழும். அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பின்வரிசையும் நடு பேஸ் டிரம்மும் மேஜரின் கையைக் கண்ணால் பார்த்து அடிக்கட்டும், முன்னால் நிற்பவர்கள் பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் காதால் வாங்கி அதனோடு சேரட்டும். பின்வரிசை முன்வரிசையைக் கேட்டுத் தொடரக் கூடாது. கடினமான துண்டு வரும் இடத்தில் சைடு டிரம் எட்டும் ஐந்தாறு மீட்டருக்குள் நெருங்கி நிற்கும்படி உருவத்தை அமைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்ற மேற்குக் காற்று அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை. காற்றுக்கு எதிரே சத்தம் போகாது. நடுவர் இடம் மாறாது என்பதால் காற்று எதிராக இருந்தால் பரந்த உருவத்தைச் சுருக்கி முன்னே இரண்டு அடி கொண்டுவரலாம். இன்னும் ஓங்கி அடிப்பது தீர்வாகாது. குச்சி உடையும், இரட்டை உருட்டு கெடும்.

வெயில் நேரம் தவிருங்கள். காலை 6 முதல் 8 வரை, மாலை 5-க்குப் பிறகு. இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி உப்புப் போட்ட மோர் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தட்டையாக வழித்த 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலக்கவும். வியர்வை நின்றுபோனாலோ பேச்சுக் குழறினாலோ பயிற்சியை நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

ஏழாவது வாரம்: ஆட்களைக் கூப்பிடுங்கள்

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு மூன்று விதமான ஆட்களை அழையுங்கள். தாளம் தெரிந்த ஒருவர், தவில்காரரோ பறை வாசிப்பவரோ. தாளம் எதுவும் தெரியாத பெரியவர்கள் நான்கைந்து பேர். கீழ்வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம். பெற்றோரை மட்டும் கூப்பிட்டால் அவரவர் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள்.

‘எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘நல்லாருந்துச்சு’ என்ற பதிலைத் தவிர ஒன்றும் வராது. இப்படிக் கேளுங்கள்: எந்த இடத்தில் கவனம் வேறு பக்கம் போச்சு? எங்கே சத்தம் குழம்புச்சு? முடிஞ்ச பிறகும் மனசில் நிற்கிறது எது? யாராவது ஒருத்தர் தனியாகக் கண்ணில் பட்டாரா? பிள்ளைகள் எந்த நிமிடத்தில் மண்ணைக் கிளற ஆரம்பித்தார்கள் என்பதைக் கேட்கவே வேண்டாம், பார்த்தாலே போதும். அந்த நிமிடம் நிகழ்ச்சியில் தொய்ந்த நிமிடம்.

மூன்று இடத்திலிருந்து வீடியோ எடுங்கள்: நடுவர் இடம், பக்கவாட்டு, கூட்டத்தின் கடைசி வரிசை. செல்போன் ஒலிப்பதிவு சத்தத்தைத் தானாகவே சமப்படுத்திவிடும். அதனால் ஏற்ற இறக்கத்தை வைத்து அதில் எதையும் முடிவு செய்யாதீர்கள். வேகம், சேர்க்கை, வரிசை, குச்சி உயரம் ஆகியவற்றுக்கு மட்டும் அது சாட்சி.

களத்தில்

கூட்டம் கைதட்டத் தொடங்கினால் அந்தக் கைதட்டலோடு சேர்ந்து அடிக்கத் தோன்றும். கூடாது. அது தாமதமாக வந்து, போகப்போக வேகமாகும். கண் மேஜரின் கையில் இருக்கட்டும். விசில் வந்ததும் வேகம் ஏறுவது இயல்பு, அதனால் மேஜர் தொடக்க எண்ணிக்கையை மனதில் இருப்பதைவிடச் சற்று நிதானமாகச் சொல்லிப் பழக வேண்டும். ஒன்ஸ் மோர் கேட்டாலும் போட்டியில் திரும்ப வாசிக்க முடியாது. தலை வணங்கி வெளியேறுங்கள். அன்பளிப்பு நோட்டைச் சட்டையில் குத்த யாராவது களத்துக்குள் வருவார்கள். அவர்களைக் கோட்டுக்கு வெளியே மரியாதையோடு நிறுத்திவைக்க ஒரு பெரியவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

குச்சி கீழே விழுந்தால் குனிந்து எடுக்கக் கூடாது. ஒரு கையால் அழுத்த அடிகளை மட்டும் தொடர்ந்தபடி, இடுப்பில் செருகிய மாற்றுக் குச்சியை அடுத்த இடைவெளியில் எடுக்க வேண்டும். இதையும் பயிற்சியில் வேண்டுமென்றே குச்சியைத் தட்டிவிட்டுப் பழக்குங்கள்.

கூட்டம் அமைதியாக இருந்தால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். எதிர்க்காற்றில் கைதட்டல் வந்து சேராமல் போகும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள்.

முடிந்த பிறகு முதல் ஒரு மணி நேரம்

இந்த நேரத்தில் குழுவுக்குள் குறை பேசக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். தண்ணீர், கருவி துடைப்பு, ஆள் எண்ணிக்கை, மற்றக் குழுக்களைப் பார்த்துக் கைதட்டுவது. இவ்வளவுதான். உடம்பு பதறிக்கொண்டிருக்கும்போது சொல்லும் குறை பிள்ளையின் மனதில் தங்கும், கையில் ஏறாது.

வெளியாட்கள் வந்து பேசுவார்கள். பாராட்டினால் ‘ரொம்ப நன்றிண்ணே’ போதும். ‘இல்லண்ணே, நிறைய தப்புப் பண்ணிட்டோம்’ என்று பாராட்டியவரை மறுக்க வேண்டாம். குறை சொன்னால் பதில் இப்படி இருக்கட்டும்:

‘என்னப்பா, நடுவுல போட்டுக் குழப்பிட்டீங்களே!’
‘எந்த இடத்துலண்ணே? சுத்தி நின்னோமே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?’
‘சுத்தி நின்னப்பதான்.’
‘சரிண்ணே, வீடியோவுல அந்த இடத்தைப் பார்த்துடுறோம்.’

கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள், வேறு இடத்தில் மாமா, ஐயா என்பார்கள். முறை எதுவானாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த இடத்தில்? இடம் கிடைத்ததும் வாதம் தேவையில்லை. மாற்று ஆள் ஒரு நோட்டுடன் நின்று எல்லாவற்றையும் சொன்னபடியே குறித்துக்கொள்ளட்டும்.

நடுவர் தாளைப் படிக்கும் முறை

எண்ணுக்கு முன்னால் எழுத்தைப் படியுங்கள். மொத்த மதிப்பெண்ணையும் இடத்தையும் முதலில் பார்த்துவிட்டால் குறிப்புகள் கண்ணில் ஏறாது. இரண்டு நடுவர் ஒரே விஷயத்துக்கு முரணாக எழுதியிருந்தால் அவர்கள் உட்கார்ந்த இடத்தை நினைவுபடுத்துங்கள். ஓரத்தில் இருந்தவருக்குப் பேஸ் மட்டும் பலமாகக் கேட்டிருக்கும். அமெரிக்கப் போட்டியில் நடுவர் வாசிப்பு நடக்கும்போதே தன் கருத்தைப் பேசிப் பதிவு செய்வார். பதிவை நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேட்டால் எந்த அடியைச் சொன்னார் என்று தெரிந்துவிடும். இங்கே அந்த வசதி இல்லாததால் நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள்: சொன்னது, நிகழ்ச்சியில் எந்த எண்ணிக்கை, வீடியோவில் தெரிவது, காரணம், செய்யப்போகும் பயிற்சி, பொறுப்பாளர்.

அடிக்கடி வரும் சில கருத்துகளும் அவற்றின் அடியில் இருக்கக்கூடியவையும்:

‘சத்தம் பத்தல.’ ஓங்கி அடிப்பதற்கு முன் தோலின் தளர்ச்சி, எதிர்க்காற்று, குழு விரிந்து நின்ற அகலம் மூன்றையும் பாருங்கள். மெல்லிய இடம் போதிய அளவு மெல்லியதாக இல்லாவிட்டாலும் பலமான இடம் எடுபடாது.

‘ஓடுறாங்க.’ வீடியோவில் ஒரு நிமிட அடியை எண்ணுங்கள். 120 என்று தொடங்கி 130-இல் முடிந்திருந்தால் உண்மையிலேயே ஓட்டம். வேகம் மாறவில்லை என்றால் உருட்டின் இரண்டாவது அடி நசுங்கி ஓட்டம் போலக் கேட்கிறது.

‘கலங்கலா இருக்கு.’ மேலே சொன்ன ஒலித்தாமதமா, அல்லது ஃப்ளாமில் சின்ன அடி ஆளுக்கு ஓர் உயரத்தில் இருப்பதா? நெருங்கி நின்று ஒருமுறை வாசியுங்கள். தெளிந்தால் உருவத்தில் குறை, தெளியாவிட்டால் கையில் குறை.

‘ஒரே மாதிரியே போகுது.’ புதிய துண்டு சேர்க்கத் தோன்றும். முதலில் எட்டு எண்ணிக்கைக்குப் பேஸ் டிரம்மை நிறுத்திப் பாருங்கள். பிறகு 3 அங்குலத்தில் ஒரு பகுதி. இருப்பதை வைத்தே இந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

‘பிள்ளைங்க முகமே சரியில்ல.’ மனப்பாடம் முழுதாக ஏறவில்லை, டிரம்மைப் பார்த்து அடிக்கிறார்கள். சிரிக்கச் சொல்வதால் இது தீராது. கண்ணை மூடி வாசிக்க வைத்தால் எந்த இடம் ஏறவில்லை என்று தெரியும்.

ஒருவர் மட்டும் சொன்னது நோட்டில் இருக்கட்டும். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அதைக் கட்டாயம் திருத்த வேண்டும். ‘சினிமாப் பாட்டு வாசிச்சிருக்கலாம்’ போன்றவை விருப்பம். திருவிழா நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள், போட்டி நிகழ்ச்சியை அதற்காகக் கலைக்க வேண்டாம். ஒரு பிள்ளையின் பெயரோடு வரும் குறையை எல்லார் முன்னாலும் வாசிக்கவே கூடாது. பயிற்சி தரும் மாஸ்டர் தனியாக, கருவியோடு உட்கார வைத்து அந்த இடத்தைச் சொல்லித்தரட்டும்.

மதிப்பெண் கூட்டலில் பிழை இருந்தால் மாஸ்டர் ஒருவர் மட்டும், விதியில் சொன்ன நேரத்துக்குள், எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டல் பிழையைக் கேட்கலாம், நேரக் கணக்கைக் கேட்கலாம். நடுவரின் கருத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. பெற்றோர் கூட்டமாக நடுவர் மேசைக்குப் போனால் அடுத்த ஆண்டும் அந்தக் குழுவின் பெயர் கெடும்.

வீடியோவின் கீழே வரும் கருத்துகள்

பெற்றோர் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் முகம் தெரியும் வீடியோவைப் பொதுவில் போடாதீர்கள். பெயர், வகுப்பு, ஊர் மூன்றும் ஒன்றாக வர வேண்டாம். கணக்கைக் கையாள ஒரே ஒரு பெரியவர் பொறுப்பு. பிள்ளைகள் பதில் எழுதக் கூடாது. ‘மூணாவது நிமிஷத்துல டெனார் பிந்துது’ என்று எழுதியவர் நன்மை செய்திருக்கிறார். நன்றி சொல்லி நோட்டில் ஏற்றுங்கள். எதிர்க்குழு ஆதரவாளர்களின் கேலிக்குப் பதிலே வேண்டாம். சாதி, மதம் சொல்லித் திட்டுவதும், பெண் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி எழுதுவதும் கேலிக் கணக்கில் சேராது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நீக்கி, தடைசெய்து, பள்ளித் தலைமைக்கும் தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் கொண்டுபோங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அடுத்த பயிற்சி நாள்

இரண்டு நாள் விடுப்புக்குப் பிறகு கூடுங்கள். முதலில் முழு நிகழ்ச்சியையும் ஒருமுறை எந்தத் திருத்தமும் சொல்லாமல் வாசிக்க விடுங்கள். பிறகு வீடியோவும் நோட்டும். பிள்ளைகளே முதலில் பேசட்டும், ஆளுக்கு ஒரு நல்ல இடம், ஒரு பழுதான இடம், எண்ணிக்கையோடு. அதன்பின் வெளியே இருந்து வந்த கருத்துகளை வாசித்தால் பாதியை அவர்களே ஏற்கனவே சொல்லியிருப்பார்கள்.

நோட்டிலிருந்து வாரத்துக்கு மூன்று பழுது மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு பத்து நிமிடம், 80 வேகத்தில் தொடங்கி. வாரக் கடைசியில் அதே இடத்தில் வீடியோ எடுத்துப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரியானதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த மூன்றுக்குப் போகலாம். அந்த வாரமே எல்லா டிரம்மின் போல்ட்டையும் கழற்றித் துடைத்து, உதிரிப் பையில் தீர்ந்தவற்றை எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த போட்டி அறிவிப்பு வந்த பிறகு ஆர்டர் கொடுத்தால் தோல் வந்து சேர நேரம் போதாது.